பறித்தது தெரியாத காளான்கள்

ரொசால்பா செபேதா பறித்த காளான்களுக்குத் தாங்கள் பறிக்கப்பட்டது தெரியாது. அதனால் அவை வாணலியிலும் வளர்ந்தன. வியாழக்கிழமை சாயங்காலம் அரை வாணலிக்கு வதக்கி மூடி வைத்தால் வெள்ளிக்கிழமை காலையில் வாணலி நிறைந்திருக்கும். சனிக்கிழமை மூடி எழும்பித் தொப்பி மாதிரி மேலே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கத்துக்காரர்களைச் சாப்பிடக் கூப்பிட்டே ஆக வேண்டும். பென்சில்வேனியாவின் தென்கோடியில் இருக்கிற எங்கள் ஆல்டர்ஃபோர்டில் இது நடந்தது தொண்ணூற்றெட்டாம் வருஷம், வைக்கோல் கிராக்கியாக இருந்த வசந்த காலத்தில். காளான் ஒரே நாளில் இரட்டிப்பாகும் என்பது இங்கே நடை பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஊரில் பாதிப் பேர் காளான் வளர்க்கிறோம், மீதிப் பேர் பறிக்கிறோம். அதை விட்டால் எங்களுக்குப் பேச வேறு விஷயம் கிடையாது. ஆனால் பாத்தியில் இரட்டிப்பாவது வேறு, பூண்டும் பன்றிக்கொழுப்பும் போட்டு வதக்கிய பிறகு இரட்டிப்பாவது வேறு. அது எங்களுக்கே புதிதாக இருந்தது.

காரணம் அவள் கைதான். ரொசால்பா அதற்கு முன் ஒட்டாவியோ சியார்லோனேயின் கொட்டகைகளில் காளான் பறித்துக்கொண்டிருந்தாள். இருட்டுக் கொட்டகை, அடுக்கடுக்காகப் பாத்திகள், நெற்றியில் விளக்கு, கையில் குட்டைக் கத்தி. திருகு, வெட்டு, பெட்டியில் போடு. மற்ற பெண்கள் இதைத் தூக்கத்தில்கூடச் செய்வார்கள். ரொசால்பாவோ தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து கிலுகிலுப்பையை எடுப்பது போல ஒவ்வொரு காளானையும் எடுப்பாள். மற்றவர்கள் மூன்று பெட்டி நிரப்புவதற்குள் அவளுக்கு ஒன்று நிரம்பினால் பெரிது. கடைசியில் ஒட்டாவியோவே வந்து, “நீ பறிக்கிறியா, இல்ல தாலாட்டுறியா?” என்று கேட்டு அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கத்தி கம்பெனியுடையது என்பதால் அதையும் வாங்கி வைத்துக்கொண்டார். அந்தக் கத்தியை மட்டும் அவர் அவளிடமே விட்டுவைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவள் கணவர் பெயர் கிரெசென்சியோ, ஊருக்கு அவர் சென்ச்சோ. அவருக்கு வேலை துறையில். எங்கள் ஊர்த் துறைக்குக் கப்பல் வராது. குதிரைச் சாணம், வைக்கோல், சோளச் சக்கை, கோழி எரு எல்லாவற்றையும் மலை மலையாகக் குவித்து, தண்ணீர் அடித்து, புரட்டிப் புரட்டிப் புழுங்க வைக்கிற சிமெண்டுத் தளத்துக்குத்தான் அந்தப் பெயர். எந்த மகராசன் வைத்தானோ தெரியாது. அங்கே எழும்புகிற ஆவியில் வருஷக்கணக்காக நின்றதில் சென்ச்சோவின் மூக்கு செத்துவிட்டது. மூக்கு போனால் நாக்கும் பின்னாலேயே போய்விடும்.

இதில் என்ன கொடுமை என்றால், ரொசால்பா அவரைக் கட்டிக்கொண்டதே அந்த நாக்குக்காகத்தான். மெக்சிகோவில், அவர்கள் இருவரும் பிறந்த மொரோலியோனில், அவள் சமையலைப் புகழாத ஆளே இல்லை. பெண் பார்க்க வந்த சென்ச்சோ ஒருவர்தான் மிளகாய்ச் சட்னியை ஒரு விரல் தொட்டு வைத்துவிட்டு, “மிளகாய் ஒரு நிமிஷம் முன்னாடியே அடுப்புல இருந்து இறங்கியிருக்கணும்” என்றார். அவர் சொன்னது சரி. அவளுக்கும் அது தெரியும். தன்னைத் தவிர அதைக் கண்டுபிடிக்க இன்னொரு ஆள் உலகத்தில் இருக்கிறான் என்று அந்தக் கணமே அவளுக்கு அவர் மேல் மயக்கம் வந்தது. அப்படிப்பட்ட மனுஷர் இப்போது எதை வைத்தாலும் ஒரே பதில் சொன்னார்.

“எப்படி இருக்கு?”

“நல்லாருக்கு, கெழவி.”

“என்ன நல்லாருக்கு?”

“எல்லாமே நல்லாருக்கு.”

ஒருநாள் சோதித்துப் பார்க்க சூப்பில் உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டுக் கொடுத்தாள். வழித்துக் குடித்துவிட்டு நல்லாருக்கு என்றார். ரொசால்பா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவளுக்கு வீடு வேண்டும், வாசல் வேண்டும் என்றெல்லாம் ஆசை இல்லை. தன் சமையலில் அவர் வாயால் மறுபடியும் ஒரே ஒரு குறை கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலை போன மறுவாரம் அவள் வீட்டு நிலவறையில் பலகைப் பெட்டிகளை அடுக்கினாள். சென்ச்சோ துறையிலிருந்து பழைய தொட்டியில் மட்கு கொண்டுவந்து கொட்டினார். காளான் வித்தைத் தூவி, மேலே ஈரக் கரிமண்ணைப் போர்த்தி, கதவைச் சாத்தினாள். முதல் ஈடு வந்தபோது பெட்டி முழுக்க வெள்ளைத் தலைகள். கையில் கத்தி இல்லை, அவசரப்படுத்த ஆளும் இல்லை. அவள் பாட்டுக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் கையாலேயே பிய்த்து, காய்ந்த மிளகாய் அரைத்த விழுதில் கொதிக்கவிட்டாள். சோள மாவில் பொதிந்து தமால் அவித்தாள். பாலாடைக்கட்டியோடு சோள ரொட்டிக்குள் மடித்துச் சுட்டாள். இரண்டு நாளில் அடுக்களையில் நடக்க இடமில்லை. அவள் பயந்தாளா என்றால், இல்லை. பசித்தவர்கள் நிறைய இருக்கிற தெருவில் சாப்பாடு வளர்ந்தால் யார் பயப்படுவார்கள்? ஜன்னலைத் திறந்து தட்டு தட்டாகக் கொடுக்க ஆரம்பித்தாள்.

வயிற்றுக்குள் போன பிறகும் அந்தக் காளான்களுக்கு விஷயம் தெரியவில்லை. காளான் எதில் வளரும்? செத்து மட்கியதில்தான் வளரும். சாப்பிட்டவர்களின் உள்ளே எது செத்துக் கிடந்ததோ அதைத் தேடிப் போய் அங்கே வளர்ந்தது. பக்கத்து வீட்டுச் சாயோவுக்குச் சின்ன வயதுக் காய்ச்சலில் இடது காது போயிருந்தது. மூன்றாவது தமால் முடிக்கும்போது அந்தக் காது திறந்துகொண்டது. அது முதலில் கேட்டது, அடுத்த அறையில் அவள் புருஷன் தொலைபேசியில் அவளைப் பற்றித் தன் அண்ணனிடம் பேசியதை.

“இத்தனை வருஷம் அவரைத் தங்கமான மனுஷன்னு நெனச்சிருந்தேன்டி,” என்று வந்து சொன்னாள் சாயோ. “எல்லாம் அந்தக் காது புண்ணியம். சரி, இன்னும் ரெண்டு குடு. அவருக்கு இல்ல, எனக்கு.”

இப்படித் தெருவில் ஒருவருக்கு வருஷக்கணக்காக மடங்காத முழங்கால் மடங்கியது, ஒருவருக்கு வழுக்கையில் முடி வந்தது. சென்ச்சோவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. நிலவறைக்கு மட்கு சுமந்தவர் அவர், வாணலிக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தவர் அவர். வேளை தவறாமல் சாப்பிட்டார், நல்லாருக்கு என்றார். ரொசால்பாவுக்குச் சாமி மேலேயே கோபம் வந்தது.

தெருவே ஒரு ஜன்னலில் சாப்பிடுவது மேலிடத்துக்குத் தெரியாமல் இருக்குமா? உணவுப் பரிசோதகர் வெண்டெல் பியூசி வந்து சேர்ந்தார். நெட்டையான மனுஷர், குவேக்கர் சபைக்காரர். அந்தச் சபையில் பிரசங்கமும் இல்லை, பாட்டும் இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பதுதான் வழிபாடு. அதனால் வாணலியின் முன் நாற்காலி போட்டு ஒரு மத்தியானம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்குக் கஷ்டமாக இல்லை. வந்ததும் தன் கத்தியால் ஒரு துண்டு வெட்டித் தட்டில் தனியே வைத்திருந்தார். சாயங்காலத்துக்குள் வாணலி விளிம்பைத் தொட்டது. தட்டில் இருந்த துண்டு அப்படியே கிடந்தது.

“இது உயிரோட இருக்கு, அம்மா,” என்றார் பியூசி.

“செத்துதான் இருக்கு, ஐயா. அதுக்கு இன்னும் யாரும் சொல்லல, அவ்வளவுதான்.”

“அப்ப இந்தத் துண்டுக்கு மட்டும் யார் சொன்னா?”

“உங்க கத்தி சொல்லிருக்கும்,” என்று சொன்ன ரொசால்பா, கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். சென்ச்சோவுக்குக் காளானின் வழவழப்பு பிடிக்காது. மணம் தெரியாதவனுக்குக் காளான் என்பது வாயில் நழுவுகிற ஒரு வஸ்து, வேறொன்றும் இல்லை. அவர் குமட்டாமல் விழுங்கட்டும் என்று அவர் பங்கை மட்டும் எடுத்து, காய்கறிக் கத்தியால் கொத்தமல்லி மாதிரிப் பொடியாக நறுக்கி, பாசத்தோடு தினமும் கொடுத்துக்கொண்டிருந்தாள். காளான் பறிக்கிறவளுக்குக் கத்தி ஆறாவது விரல். அதை எடுத்ததும் வெட்டியதும் அவள் நினைவிலேயே பதியவில்லை. ஊர் முழுவதற்கும் உயிருள்ளதைக் கொடுத்துவிட்டுப் புருஷனுக்கு மட்டும் கொன்று கொடுத்திருக்கிறாள்.

பியூசி கடமைக்காக வாணலியிலிருந்து ஒரு கரண்டி சாப்பிட்டுப் பார்த்தார். சூட்டுக்கு விதி இருக்கிறது, எலிக்கு விதி இருக்கிறது, விழுகிற தலைமுடிக்குக்கூட விதி இருக்கிறது, வளர்வதற்கு மட்டும் விதியே இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையின் மௌனத்துக்கு நடுவில் அவருக்குச் சிரிப்பு வந்தது. தன் பெண்டாட்டி இறந்த பிறகு அவர் சிரித்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. பாதி நேரம் விழுந்து விழுந்து சிரித்தார். சபையில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, அவர்கள் வழக்கமே அதுதான்.

அன்றிலிருந்து ரொசால்பா வீட்டில் போர் தொடங்கியது. பிய்த்த காளானைச் சென்ச்சோ தொடமாட்டேன் என்றார். தமாலுக்குள் ஒளித்து வைத்தால் நோண்டி எடுத்துத் தட்டோரம் வரிசையாக அடுக்கினார்.

“நத்தையைத் திங்கிற மாதிரி இருக்கு, கெழவி. பொடிப்பொடியா வெட்டிக் குடு, கண்ணை மூடிக்கிட்டு முழுங்கிடறேன்.”

“வெட்டக் கூடாது.”

“ஏன்?”

“வெட்டினா தெரிஞ்சிடும்.”

“யாருக்கு?”

“காளானுக்கு.”

சென்ச்சோ அவளை இரக்கத்தோடு பார்த்தார். “துறையில நிக்கிறது நான். ஆவி உன் தலைக்கு ஏறியிருக்கு,” என்றார்.

அந்த ஜூன் மாதத்தில் ஒருநாள் அவர் பின்வாசல் படியில் உட்கார்ந்து பன்றித்தோல் வறுவல் தின்றுகொண்டிருந்தார். தினமும் தின்பார். அதில் என்ன ருசி கண்டார் என்று ரொசால்பா அதுவரை யோசித்ததில்லை. அன்று ஜன்னலருகே நின்று கேட்டபோதுதான் புரிந்தது. நொறுக், நொறுக். அவருக்கு மிச்சமிருந்த ஒரே ருசி அந்தச் சத்தம்தான். பல வருஷமாக மனுஷர் காதால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவளுக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே வடிந்தது.

காளானை நொறுங்க வைப்பது லேசான வேலை இல்லை. அது பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அவசரப்பட்டால் ரப்பர், அசந்தால் கரி. ரொசால்பா தலைகளை உள்ளங்கை அகலத்துக்கு வளரவிட்டாள். காம்போடு சேர்த்து நார் உரிப்பது போல நீளநீளமாகப் பிய்த்தாள். எண்ணெயே இல்லாத கனத்த இரும்புச் சட்டியில் பரப்பி, மேலே இன்னொரு இரும்புச் சட்டியை வைத்து அழுத்தினாள். காளான் தன் தண்ணீரை விட்டுக் கொதித்து, அந்தத் தண்ணீர் முழுக்கச் சுண்டி, சட்டியில் உஸ் என்ற சத்தம் அடங்கிய பிறகுதான் பன்றிக்கொழுப்பு. ஓரங்கள் பொன்னிறமாகிச் சுருண்ட பிறகு நசுக்கிய பூண்டும் சுட்ட மிளகாய்த் தூளும். உப்பு எல்லாவற்றுக்கும் கடைசியில், இறக்கிய பிறகு. முன்னால் போட்டால் மறுபடியும் நீர் கோத்துக்கொள்ளும். பதம் பார்க்கும் முறையும் அவளே கண்டுபிடித்ததுதான். இவள் அடுப்படியில் நின்று கடிப்பாள், சாயோ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இடது காதைக் கொடுப்பாள்.

“கேக்குதா?”

“நீ எச்சில் முழுங்கறதுதான் கேக்குது. இன்னும் வறுடி.”

கோடை முழுக்க இப்படிப் போயிற்று. கெட்டுப்போன ஈடுகளும் வளரத்தான் செய்தன. அவற்றைத் தின்று தீர்த்ததில் எங்கள் எல்லோருக்கும் தாடை வலித்தது, அது வேறு விஷயம். ஆகஸ்டு கடைசியில் ஒருநாள் சாயோ வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “ஐயோ, மெதுவா கடி, காது அடைக்குது!” என்று கத்தினாள்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை எங்கள் ஊரில் காளான் திருவிழா. பெரிய தெருவை அடைத்துக் கொட்டகை போடுவார்கள். திருவிழா என்றால் ஒட்டாவியோ வீட்டு கிரீம் சூப்தான். அவர் தாத்தா காலத்திலிருந்து பரிசு அந்த சூப்புக்குத்தான், வேறு யாரும் வாங்கியதில்லை. வெள்ளையாக இருக்கும், சூடாக இருக்கும், அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த வருஷம் அவரும் ரொசால்பாவின் வித்தையைக் கேள்விப்பட்டுத் தன் கொட்டகைகளில் கத்தியை எல்லாம் பிடுங்கி, கையால் பறியுங்கள் என்று உத்தரவு போட்டுப் பார்த்தார். ஆனால் பெட்டிக் கணக்கை மட்டும் குறைக்கவில்லை. பெண்கள் வெடுக் வெடுக்கென்று பிடுங்கினார்கள். அப்படிப் பிடுங்கினால் காளானுக்கு என்ன, கல்லுக்கே தெரிந்துவிடும். ஒன்றும் வளரவில்லை.

ரொசால்பாவுக்குத் தெருக்கோடியில் ஒரு மேசை கிடைத்தது. மொறுமொறுவென்று சுட்ட சோள அப்பளத்தின் மேல் நசுக்கிய அவரை விழுது, அதன் மேல் வறுத்த காளான் குவியல், மேலே பச்சை மிளகாய்ச் சாறு. காலையில் அவள் கொண்டுவந்தது ஒரு சட்டிதான். கூட்டம் சேரச் சேரச் சட்டியும் சூடேறி மும்முரமாக வளர்ந்தது, மொறுமொறுப்பும் கூடவே வளர்ந்தது. மத்தியானத்துக்குள் வரிசை சூப்புக் கொட்டகையைத் தாண்டி, தேவாலயத்தைச் சுற்றி, ரயில் பாதை வரைக்கும் நின்றது. வரிசையில் ஒட்டாவியோவும் நின்றார். வேவு பார்க்கத்தான் வந்தேன் என்று முன்னால் நின்றவரிடம் சொன்னார். ஒரு அப்பளம் தின்றார், இன்னொன்று தின்றார். சின்ன வயதில் அவருக்குள் செத்துப்போன அவர் அம்மாவின் பாஷை, இத்தாலி மலைக்கிராமத்துப் பாஷை, தொண்டைக்கு ஏறி வந்துவிட்டது. ரொசால்பாவைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். திட்டினாரா, மன்னிப்புக் கேட்டாரா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் சொல்லி முடித்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வாரம் முழுக்க அவருக்கு ஆங்கிலம் வரவில்லை.

இதெல்லாம் ரொசால்பாவின் கண்ணில் ஏறவே இல்லை. அவள் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவழியாகச் சென்ச்சோ வந்தார், துறையிலிருந்து நேராக, வேலை உடுப்போடு. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. எங்கே போனாலும் அவருக்கு அப்படி வழி கிடைக்கும். ஊர் தன் மேல் வைத்திருக்கிற மரியாதை அது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் அந்த நம்பிக்கையைக் கெடுத்ததில்லை.

“பசிக்குது, கெழவி. என்ன இது, பன்றித்தோலா?”

“ஆமா,” என்றாள் ரொசால்பா, கண்ணை இமைக்காமல்.

கடித்தார். அந்தச் சத்தம் சூப்புக் கொட்டகை வரைக்கும் கேட்டது. அவர் முகம் மலர்ந்தது. இன்னொரு கடி, இன்னொன்று. மூன்றாவது அப்பளத்தின் பாதியில் அவர் வாய் நின்றது. மூக்கு ஒருமுறை துடித்தது. தலையை உயர்த்தி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

“ஏதோ நாறுது,” என்றார்.

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். செருப்பைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோனார்.

“நானா?”

“நீதான்.”

“எப்பலேருந்து?”

“துறையில சேந்த நாள்லேருந்து.”

சென்ச்சோவின் கண்கள் கலங்கின. “இத்தனை வருஷமா பக்கத்துல எப்படி படுத்தே? பழகிருச்சா?”

“பழகவே இல்ல,” என்றாள் ரொசால்பா. “படுத்தேன், அவ்வளவுதான்.”

அவர் திரும்பி நடந்தார். தெருவோரம் தீயணைப்பு வண்டி நின்றிருந்தது. அதிலிருந்த பையன்களிடம் என்னவோ சொன்னார். அவர்கள் குழாயைத் திருப்பி, திருவிழாக் கூட்டத்துக்கு நடுவில், உடுப்போடு அவரைக் குளிப்பாட்டினார்கள். திருவிழாவில் சோப்பு விற்கக் கொட்டகை போட்டிருந்த சாயோ அங்கிருந்து ஒரு முழுக் கட்டியை எறிந்தாள். சொட்டச் சொட்டத் திரும்பி வந்து மேசை முன்னால் நின்று, புதிதாக ஒரு அப்பளம் எடுத்தார். இந்தத் தடவை மெதுவாக மென்றார். சுற்றி நின்ற அத்தனை பேரும் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்தார்கள். ரொசால்பா மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“உப்பு போடல,” என்றார் சென்ச்சோ.

போடவில்லைதான். கடைசியில் போடுவதற்காக வைத்திருந்த உப்பு, கூட்டத்தின் அவசரத்தில் ஜாடியிலேயே இருந்தது. காலையிலிருந்து ஊரே தின்றிருக்கிறது, ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. கிரீம் சூப் குடித்து வளர்ந்த எங்களுக்கு என்ன தெரியும்? ரொசால்பா சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை இங்கே வாக்குவாதம் நடக்கிறது. இரண்டும் என்பதுதான் சரி. ஒரு பிடி உப்பை எடுத்து அவர் தட்டில் தூவினாள். அவர் மறுபடி கடித்துப் பார்த்து, பூண்டு ஒரு நிமிஷம் முன்னாடியே அடுப்பிலிருந்து இறங்கியிருக்க வேண்டும் என்றார். அவளுக்கு அதுவும் தெரியும். அந்த வருஷப் பரிசை அவளுக்குக் கொடுத்தார்கள், அதை மேடைக்குப் போய் வாங்கிவந்தது சாயோதான். ரொசால்பா மேசையை விட்டு நகரவில்லை, சென்ச்சோ இன்னும் குறை சொல்லி முடித்திருக்கவில்லை. இருட்டுவதற்கு முன் கொட்டகைகளைப் பிரித்தார்கள். சட்டியில் மிச்சமிருந்ததைப் பியூசியே தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்து வாசலில் வைத்தார், திங்கட்கிழமை மத்தியானம் பிள்ளைகள் எல்லோருக்கும் அது சரியாக இருந்தது.